தாம்பரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

நம் பல்லாவரத்துக்காரர்கள் இங்கிலீஷ் படித்திருந்தாலும் படிக்காவிட்டாலும் சில நீளமான இங்கிலீஷ் வார்த்தைகளை வாழ்நாள் முழுக்கச் சொல்லியே தீரவேண்டும். கன்டோன்மென்ட், சானடோரியம், ஏரோட்ரோம், முனிசிபாலிட்டி. 2021 நவம்பரில் நம் நகராட்சி தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்த பிறகு முனிசிபாலிட்டி போய் கார்ப்பரேஷன் வந்தது. சந்தையில் கீரை விற்கும் அம்மா முதல் ஷேர் ஆட்டோ தம்பி வரை எல்லார் வாயிலும் இவை தடங்கல் இல்லாமல் வருகின்றன.

ஆனால் இதே வார்த்தைகளை இங்கிலாந்துக்காரர் ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். ஒரு கணம் விழிப்பார். நாம் எழுத்தை விடவில்லை, ஒலியும் பெரிதாகத் தப்பவில்லை. எடை மட்டும் அவர் எதிர்பார்த்த இடத்தில் விழவில்லை.

அந்த எடையைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதுகிறேன். தமிழ் வாத்தியாருக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். முப்பத்திரண்டு வருஷம் பிள்ளைகளுக்கு யாப்பு நடத்தியவன் நான். வார்த்தையைத் துண்டு துண்டாக வெட்டி எண்ணுவதுதான் என் பிழைப்பாக இருந்தது. அது இங்கிலீஷுக்கும் உதவும் என்று தெரிந்தது ரிட்டையர் ஆன பிறகு, பம்மலிலிருந்து ஒரு நர்ஸ் பெண் பாடம் கேட்க வந்தபோதுதான். அவளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் வெட்டுகிற வேலை.

பள்ளிக்கூடத்தில் தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் என்று நெட்டுரு போட்டது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். குறிலோ நெடிலோ தனியாக வந்தால் நேர். இரண்டு குறில், அல்லது குறிலை அடுத்து நெடில் இணைந்து வந்தால் நிரை. ஒற்று பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தாலும் அதற்குத் தனிக் கணக்கு கிடையாது. தொல்காப்பியர் செய்யுளியலில் வகுத்தது, பிறகு அமிதசாகரர் யாப்பருங்கலக்காரிகையில் பிள்ளைகளுக்குப் புரியும்படி சுருக்கியது. 'இதெல்லாம் எதுக்குய்யா உதவும்?' என்று கடைசி பெஞ்சு கேட்கும். அப்போது என்னிடம் நல்ல பதில் இல்லை. இப்போது இருக்கிறது.

இங்கிலீஷில் சிலபிள் என்று சொல்வதும் நம் அசைக்கு உறவுதான். ஒரே ஒரு வித்தியாசம். நாம் இரண்டு குறிலைச் சேர்த்து ஒரே அசையாக, நிரையாக, எண்ணுவோம். அவர்கள் ஒவ்வொரு உயிர் ஒலியையும் தனித்தனியாக எண்ணுவார்கள். அதனால் அவர்கள் கணக்கு நம்முடையதைவிட எளிது. நீளமான இங்கிலீஷ் வார்த்தையைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். புள்ளி வைத்த எழுத்தை எல்லாம் அடித்துவிடுங்கள். மிச்சம் எத்தனையோ, அத்தனை அசை.

முனிசிபாலிட்டி. புள்ளி வைத்த 'ட்' போனால் மு, னி, சி, பா, லி, டி. ஆறு. கார்ப்பரேஷன். கா, ப, ரே, ஷ. நாலு. சானடோரியம். சா, ன, டோ, ரி, ய. ஐந்து. கன்டோன்மென்ட். க, டோ, மெ. மூன்று. எந்த அகராதியை வேண்டுமானாலும் புரட்டிப் பாருங்கள், கணக்கு சரியாக வரும். நம் புள்ளி எழுத்து இவ்வளவு நல்ல கத்தரிக்கோல் என்று எனக்கே அறுபது வயசுக்கு மேல்தான் தெரிந்தது.

சில இடங்களில் கணக்கு உதைக்கும். காரணம் நம் நாக்கு. மெய்யெழுத்தில் வார்த்தையை நிறுத்த அதற்குப் பிடிக்காது, ஒரு உகரத்தைப் போட்டுத்தான் இறக்கும். 'பஸ்' நமக்கு 'பஸ்ஸு', 'கேட்' நமக்கு 'கேட்டு', 'போர்ட்' நமக்கு 'போர்டு'. ஒரு அசை இரண்டாகிவிடுகிறது. இரண்டு மெய் சேர்ந்து வார்த்தையைத் தொடங்கினாலும் பிடிக்காது. முன்னாலோ நடுவிலோ ஓர் இகரத்தைச் செருகும். 'இஸ்கூல்' அப்படி வந்தது. 'கிராஜுவிட்டி'யும் அப்படித்தான். எழுத்தை எண்ணினால் ஐந்து, இங்கிலீஷில் நாலுதான். அந்தக் 'கி' நாம் போட்ட கொசுறு. இவற்றைக் கழித்துக்கொண்டால் போதும்.

எண்ணுவது இத்துடன் முடிந்தது. இதுவரை தமிழும் இங்கிலீஷும் சிநேகம். இனிமேல்தான் தகராறு.

தமிழில் ஒரு வார்த்தையின் அசைகள் சமபந்தியில் உட்கார்ந்திருக்கின்றன. எல்லா இலைக்கும் சாம்பார் ஒரே கரண்டி. நெடில் கொஞ்சம் கூடுதலாக இடம் பிடிக்கும், அது அதன் உரிமை. மற்றபடி யாரும் யாரையும் நசுக்குவதில்லை. கோபத்தில் ஒரு இடத்தைச் சற்று அழுத்திச் சொல்வோம். அதனால் வார்த்தையின் பொருள் மாறாது.

இங்கிலீஷ் வார்த்தை மாப்பிள்ளை ஊர்வலம். ஒருவர் மட்டும் குதிரை மேல். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டு கூடவே நடக்கவேண்டும். குதிரை மேல் இருக்கும் அசை நீளும், குரல் அங்கே சற்று மேலே ஏறும், உயிரெழுத்து முழுசாக ஒலிக்கும். நடந்து வருகிற அசைகளில் உயிரெழுத்து சுருங்கி, 'அ' என்றும் சொல்ல முடியாத, 'இ' என்றும் சொல்ல முடியாத ஒரு முணுமுணுப்பாகிவிடும். நாம் 'அவன்' என்று வேகமாகச் சொல்லும்போது கடைசியில் 'அவ' என்று ஏதோ மூக்கில் முடிகிறதே, ஏறத்தாழ அந்த மங்கல்தான்.

மாப்பிள்ளை யார் என்பது வார்த்தைக்கு வார்த்தை மாறும். 'போட்டோகிராப்' என்பதில் முதல் அசை 'போ'. அதிலே 'அர்' சேர்த்து எடுப்பவரைச் சொன்னால், 'டா'வுக்கு மாறிவிடும். ஃப-டாக்-ர-ஃபர். அந்த முதல் 'போ' கூனிக்குறுகி 'ஃப' ஆகிவிட்டது பாருங்கள். 'இக்' சேர்த்து போட்டோகிராபிக் என்றால் 'கிரா' குதிரை ஏறும். ஒரே குடும்பம், மூன்று மாப்பிள்ளைகள்.

இது என்ன பைத்தியக்காரத்தனம் என்று தோன்றும். நம் பக்கம் திரும்பிப் பாருங்கள். கல் வேறு, கால் வேறு. படு வேறு, பாடு வேறு. ஒரு மாத்திரை கூடினால் நமக்குப் பொருளே மாறுகிறது. வெள்ளைக்காரருக்கு இந்த வித்தியாசம் காதிலேயே விழாது. அவர் 'கல்லில் அடிபட்டது' என்றால் காலா கல்லா என்று நாம்தான் தவிப்போம். நமக்குக் குறில் நெடில் செய்கிற வேலையை அவர்களுக்கு அழுத்தம் செய்கிறது. 'ரெக்கார்ட்' என்பதில் முதல் அசையை அழுத்தினால் பதிவேடு. இரண்டாவதை அழுத்தினால் பதிவு செய்வது. 'பர்மிட்' என்பதிலும் அப்படியே. முன்னால் அழுத்தினால் கையில் இருக்கும் அனுமதிச் சீட்டு, பின்னால் அழுத்தினால் அனுமதிப்பது. நாம் இரண்டையும் சமபந்தியில் பரிமாறினால் அவர் பாவம் என்ன செய்வார்?

இனி அந்த நர்ஸ் பெண். பெயர் வேண்டாம். அனகாபுத்தூர் பக்கம் அரசுப் பள்ளியில் தமிழ் மீடியம். பிறகு நர்ஸிங் பட்டம். நாலு வருஷம் ஆஸ்பத்திரி வேலை, அதில் பாதி தீவிர சிகிச்சைப் பிரிவில். அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். தம்பி காலேஜ். வீட்டுக் கடன். இங்கிலாந்தில் நர்ஸ் வேலைக்குப் போக ஓ.ஈ.டி. என்று ஓர் இங்கிலீஷ் பரீட்சை உண்டு. கேட்பது, படிப்பது, எழுதுவது, பேசுவது என்று நாலு பகுதி. பேசும் பகுதியில் எதிரே ஒருவர் நோயாளியாக நடிப்பார். நர்ஸ் அவரிடம் விசாரிக்கவேண்டும், தைரியம் சொல்லவேண்டும். இவள் மூன்று பகுதியில் தேறிவிட்டாள். பேச்சில் மட்டும் மார்க் போதவில்லை. பரீட்சைக் கட்டணம் ஒவ்வொரு தடவையும் அவளுடைய ஒரு மாசச் சம்பளத்தைவிட அதிகம்.

பயிற்சிக்குப் போன ஓர் இடத்தில், 'உங்க தமிழ் மீடியம் நாக்கு இனிமே திரும்பாதும்மா' என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார்களாம். அதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். எனக்குத்தான் கோபம் வந்தது. நாலு வருஷம் உயிரைக் காப்பாற்றிய ஒரு பிள்ளையை நாக்கை வைத்து எடை போடுகிறார்களே என்று.

அவள் என் மனைவிக்குப் பிரஷர் பார்க்க வந்துபோகிறவள். ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "ஐயா, நீங்க வாத்தியாரு. எனக்குக் கொஞ்சம் சொல்லித் தரீங்களா?"

"நான் தமிழ் வாத்தியார்ம்மா."

"பரவால்ல ஐயா. எங்க தப்புன்னாவது கண்டுபிடிச்சுச் சொல்லுங்க."

என்ன வார்த்தை எதிராளிக்குப் புரியவில்லை என்று கேட்டேன். அவள் எழுதிக் காட்டினாள். அலர்ஜிக், ஆன்டிபயாடிக், பாரசிட்டமால், எமர்ஜென்சி, அபெண்டிசைட்டிஸ். எல்லாம் அவள் தினமும் நூறு தடவை சொல்கிற வார்த்தைகள். சொல்லச் சொன்னேன். ஒவ்வொரு எழுத்தும் முத்து முத்தாக, சமமாக வந்தது. தேவாரம் ஓதுகிற பிள்ளை போல. தமிழ்ப் பரீட்சையாக இருந்தால் நூற்றுக்கு நூறு போட்டிருப்பேன்.

நான் டேனியல் ஜோன்ஸ் அகராதியை எடுத்தேன். 1917-ல் முதலில் வந்த இங்கிலீஷ் உச்சரிப்பு அகராதி. பிறகு எத்தனையோ பதிப்புகள். என்னிடம் இருப்பது பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒன்று. அதில் குதிரை ஏறும் அசைக்கு முன்னால், மேலே ஒரு சின்னக் கோடு இருக்கும். அந்தக் கோட்டைப் பார்த்துப் பார்த்து அவள் வார்த்தைகளைப் பிரித்து ஒரு நோட்டில் எழுதினோம். ஐம்பது வார்த்தை எழுதியதும் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. முன்னாலிருந்து எண்ணினால் ஒழுங்கே தெரியவில்லை. கடைசியிலிருந்து பின்னோக்கி எண்ணினால் பளிச்சென்று தெரிகிறது.

இங்கிலீஷ் வாத்தியார்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். அவர்களுக்கு இது பழைய சங்கதி. ஆனால் எங்களுக்குப் புதுசு. அதை மறக்காமல் இருக்க நாங்கள் பிடித்துக்கொண்டது நம் மின்சார ரயில்.

கடற்கரையிலிருந்து வரும் வண்டி கடைசியில் எந்த வரிசையில் நிற்கிறது? பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் சானடோரியம், தாம்பரம். தாம்பரம் கடைசி ஸ்டேஷன் என்று வைத்துக்கொள்ளுங்கள். வார்த்தையின் கடைசி அசை தாம்பரம். அதற்கு முந்தினது சானடோரியம். அதற்கும் முந்தினது குரோம்பேட்டை. நாலாவது நம் பல்லாவரம். அழுத்தம் எந்த ஸ்டேஷனில் இறங்கும்? டிக்கெட்டை வார்த்தையின் வாலைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

'ஷன்' என்று முடிந்தால் சானடோரியம். ஆபரேஷனில் 'ரே', இன்ஜெக்ஷனில் 'ஜெக்', ஹைப்பர்டென்ஷனில் 'டென்', கார்ப்பரேஷனில் 'ரே'.

'இக்' என்று முடிந்தாலும் சானடோரியம். அலர்ஜிக் என்பதில் 'லர்', ஆன்டிபயாடிக் என்பதில் 'யா', எகனாமிக் என்பதில் 'நா'.

'ஐட்டிஸ்' என்று முடியும் வியாதிகள் எல்லாம் சானடோரியம். பொருத்தம்தானே? ஆர்த்ரைட்டிஸில் 'ரை', அபெண்டிசைட்டிஸில் 'சை'.

'இட்டி' என்று முடிந்தால் குரோம்பேட்டை. முனிசிபாலிட்டியில் 'பா', எலக்ட்ரிசிட்டியில் 'ரி'.

'ஆலஜி', 'ஆலஜிஸ்ட்', 'ஆக்ரஃபி' எல்லாம் குரோம்பேட்டை. கார்டியாலஜி, நியூராலஜி, கார்டியாலஜிஸ்ட், போட்டோகிராஃபி. எல்லாவற்றிலும் அந்த 'ஆ' சத்தம் வரும் அசைதான் மாப்பிள்ளை.

அவளுடைய முதல் வார்த்தையிலேயே இது வேலை செய்தது. 'அலர்ஜி' என்றால் குரோம்பேட்டை, அதாவது முதல் அசை. 'அலர்ஜிக்' என்றால் சானடோரியம், அதாவது நடு அசை. இரண்டும் மூன்று மூன்று அசைதான். ஆனால் ஒரு ஸ்டேஷன் தள்ளி இறங்குகிறது. 'உங்களுக்கு எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா?' என்பது நர்ஸ் கேட்கிற முதல் கேள்வி. அது நோயாளிக்குப் புரியவில்லை என்றால் அது வெறும் உச்சரிப்புப் பிரச்சினை இல்லை.

ரயில் என்றால் தப்பு வண்டியும் உண்டு. அரபிக், கத்தோலிக், பாலிடிக்ஸ் மூன்றும் 'இக்' குடும்பம். ஆனால் குரோம்பேட்டையிலேயே இறங்கிவிடும். டெலிவிஷன் 'ஷன்' குடும்பம், ஆனால் பெரும்பாலும் நம் பல்லாவரத்திலேயே இறங்கிவிடும். முதல் அசை 'டெ'. இவற்றைத் தனியாக மனப்பாடம் செய்யவேண்டியதுதான்.

பல்லாவரத்தில் இறங்கும் வார்த்தைகளில் இன்னொரு வேடிக்கை. டிக்ஷனரி, செக்ரட்டரி, டெம்பரரி. அழுத்தம் முதலிலேயே விழுந்துவிட்டால் பின்னால் மூன்று அசை வெறுங்கையோடு நடக்கவேண்டும். அவ்வளவு தூரம் இங்கிலாந்துக்காரரால் நடக்க முடியாது. அதனால் நடுவில் ஒரு ஸ்டேஷனை விட்டுவிட்டு ஃபாஸ்ட் வண்டியாக்கிவிடுவார். டிக்-ஷன்-ரி, செக்-ர-ட்ரி. வெஜிடபிள் நாலு அசையாக எழுதி மூன்றாகச் சொல்வதும் இதே காரணம்தான். இதை நாம் கேலி செய்ய முடியாது. திருவல்லிக்கேணியைத் திர்லிக்கேணி ஆக்கியவர்கள் நாம். 'வந்துகொண்டிருக்கிறேன்' என்பதை 'வந்துட்டிருக்கேன்' என்று சொல்கிறவர்கள். முழுங்கத் தெரியாதவர்கள் இல்லை நாம். எங்கே முழுங்குவது என்பதுதான் பாஷைக்குப் பாஷை வேறு.

முதலில் அவள் அழுத்தம் என்றால் கத்துவது என்று நினைத்தாள். அபெண்டி-சை-ட்டிஸ் என்று அந்தச் 'சை'யை அவள் சொன்ன விதத்தில் என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்தாள். கத்துவது இல்லை, அந்த அசையில் கொஞ்சம் தங்கவேண்டும், மற்றதை விட்டுவிடவேண்டும். மேஜையில் ஒரே ஒரு தட்டு. அந்த ஒரு அசைக்கு மட்டும். மற்ற அசைக்குக் கை எழும்பக்கூடாது. தாளம் போடுகிற பழக்கம் நமக்கு உண்டே, இரண்டு வாரத்தில் கை படிந்தது. நாக்கு பின்னாலேயே வந்தது. ஆர்த்ரைட்டிஸ் பயிற்சி நடந்தபோது என் மனைவி சொன்னாள், "அழுத்தம் எங்க விழுந்தா என்ன, வலி முட்டியிலதானே விழுது!"

வீட்டில் சிரிப்பு வந்த பிறகு பாடம் சுலபமாகிவிட்டது. நான் அவளிடம் 'ட'வை மாற்று, 'வ'வை மாற்று, வெள்ளைக்காரர் மாதிரிப் பேசு என்று ஒருநாளும் சொல்லவில்லை. அவள் குரல் பம்மல் குரலாகவேதான் இருந்தது. எடை மட்டும் இடம் மாறியது. மூன்று மாசம் கழித்து மறுபடி எழுதினாள். பேச்சில் தேறினாள். இப்போது அங்கே ஓர் ஊரில் ராத்திரி டியூட்டி பார்க்கிறாள்.

நாக்கு திரும்பாது என்று சொன்னவர்களுக்கு ஒரு பதில் வேண்டுமே என்று நான் கொஞ்சம் படித்தேன். ஐதராபாத்தில் 1958-ல் தொடங்கிய மத்திய ஆங்கில நிறுவனத்தில் ஆர். கே. பன்சால் என்பவர் இருந்தார். இந்தியர்கள் பேசும் இங்கிலீஷைப் பதிவு செய்து, பிற நாட்டவர்களைக் கேட்கவைத்து, எது புரிகிறது எது புரியவில்லை என்று ஆராய்ந்தார். 1969-ல் புத்தகமாக வந்தது. புரியாமல் போனதற்கு அவர் கண்ட முக்கியக் காரணங்களில் ஒன்று, அழுத்தம் இடம் மாறி விழுவது. இது தமிழனுக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை. தமிழ் மீடியம் வியாதி நிச்சயமாக இல்லை. கான்வென்டில் படித்தவர்களும் 'டெவலப்மென்ட்' என்று முதல் அசையைத்தான் அழுத்துகிறார்கள். அது குரோம்பேட்டையில், 'வெ'யில் விழவேண்டும்.

நம் வயசுக்காரர்கள் எப்படி இங்கிலீஷ் படித்தோம் என்பதையும் பாருங்கள். 1959-ல் சென்னை மாநிலத்தில், பிரிட்டிஷ் கவுன்சில் துணையோடு, ஏறத்தாழ 27,000 ஆசிரியர்களுக்கு இங்கிலீஷ் கற்பிக்கும் பயிற்சி கொடுக்க ஒரு பெரிய திட்டம் தொடங்கியது. கொஞ்சம் பேரைப் பழக்கி, அவர்கள் இன்னும் பலரைப் பழக்கி, அவர்கள் மேலும் பலரைப் பழக்குவது. பனி உருண்டை உருண்டு பெரிசாவது போல என்பதால் அதற்கு 'மெட்ராஸ் ஸ்னோபால்' என்று பெயரே வைத்தார்கள். நம் வெயிலில் பனி உருண்டை! அந்த வாத்தியார்களிடம் அறுபதுகளில் படித்தவர்கள் நம்மில் பலர். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அதுவரை இங்கிலீஷ் நுழையாத கிராமங்களுக்கு அதைக் கொண்டுபோனவர்கள். ஆனால் அறுபது பிள்ளைகள் ஒரே குரலில் 'திஸ் இஸ் எ பென்' என்று கோரஸ் பாடினால் எல்லா அசையும் ஒரே எடையில்தான் விழும். வாய்ப்பாடு ஒப்பிக்கிற ராகம் அது. அந்த ராகம்தான் இன்னும் நம் காதில் இருக்கிறது.

ராகத்தை மாற்ற முடியும் என்பதற்குப் பெரிய சாட்சி வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார். 1869-ல் ஏழைப் புரோகிதர் வீட்டில் பிறந்தவர். கும்பகோணத்தில் படித்தவர். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தவர். பேச்சை உலகமே கேட்டது. வெள்ளி நாக்குப் பேச்சாளர் என்று பட்டப்பெயர். உச்சரிப்பில் அவருக்கு இருந்த கண்டிப்பும் பிரசித்தம். காவிரித் தண்ணீர் குடித்து வளர்ந்த நாக்குதான் அது.

வண்டி எதிர்த்திசையிலும் ஓடியிருக்கிறது. வெள்ளைக்காரர் நம் ஊர்ப் பெயர்களைத் தன் தண்டவாளத்தில் ஏற்றினார். திருச்சிராப்பள்ளியில் புள்ளியை அடித்தால் ஆறு அசை. அவர் வாயில் அது ட்ரிச்சினாபொலி, ஐந்து. அழுத்தம் 'நா'வில், சரியாகக் குரோம்பேட்டையில். நம்முடைய 'ராப்', 'பள்' இரண்டும் அடையாளம் தெரியாமல் போய்விட்டன. காஞ்சிபுரம் கான்ஜீவரம் ஆனது, அந்த 'ஜீ' குரோம்பேட்டையில் நீண்டது. தஞ்சாவூர் டான்ஜோர் ஆகி இரண்டே அசையாகிவிட்டது. அவர் செய்தது பிழை என்று யாரும் அவரைக் குட்டவில்லை. வரைபடத்திலேயே அச்சிட்டார்கள். இவள் 'அலர்ஜிக்' என்பதில் ஓர் அசையை மாற்றி அழுத்தினால் நாலு பேர் முன்னால் குட்டு. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நமக்கு வெட்கப்பட ஒன்றும் இல்லை என்பது விளங்கும். கற்றுக்கொள்ளவேண்டியது ஒரு கணக்கு. நம் பாஷை அதில் பாதியை ஏற்கெனவே சொல்லிக்கொடுத்திருக்கிறது.

இப்போது உங்களுக்கு ஒரு வேலை. வீட்டில் மாத்திரைச் சீட்டும் டாக்டர் சீட்டும் இல்லாதவர்கள் நம் வயசில் யார்? எடுத்து வைத்துக்கொண்டு பேரன் பேத்தியோடு புள்ளியை அடித்து எண்ணுங்கள். வாலைப் பார்த்து ஸ்டேஷன் சொல்லுங்கள். அகராதி இல்லாவிட்டால் போனில் தேடினால் உச்சரித்தே காட்டும். சில வார்த்தைகளை நான் சொல்லிவிடுகிறேன். பாரசிட்டமால், ஐந்து அசை, குரோம்பேட்டை, 'சி'. சர்டிபிகேட், நாலு, குரோம்பேட்டை, 'டி'. எமர்ஜென்சி, நாலு, குரோம்பேட்டை, 'மர்'. சானடோரியம் என்ற வார்த்தைக்கே அழுத்தம் குரோம்பேட்டையில்தான், 'டோ'வில். ஆனால் கன்டோன்மென்டுக்கு சானடோரியத்தில்.

ரிட்டையர் ஆன நம் கூட்டத்துக்கென்று சில வார்த்தைகள் உண்டு. சூப்பரானுவேஷன், ஆறு அசை, சானடோரியம், 'வே'. கம்யூட்டேஷன், நாலு அசை, சானடோரியம், 'டே'. கிராஜுவிட்டி, கொசுறைக் கழித்தால் நாலு அசை, குரோம்பேட்டை, 'ஜு'. கடைசியாகப் பென்ஷன், இரண்டே அசை, சானடோரியம், 'பென்'. இதை மட்டும் பல்லாவரத்தில் யாரும் அழுத்தம் தப்பிச் சொல்லி நான் கேட்டதில்லை.